வினிகர் வாடை அடிக்கும் டப்பாக்கள்: பழைய ஐரோப்பியக் காமப் படங்களை மீட்பது பற்றி

நெகடிவ்பெட்டி

வணக்கம். இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். படத்துக்கான சுட்டி எதுவும் இங்கே கிடைக்காது. பிலிமைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் பாரிஸ் பக்கம் இருக்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சேகரிப்பாளர் வீட்டு ஹாலில், சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரோலன் இயக்கிய 'லெ ஃப்ரிஸ்ஸோன் தே வாம்பீர்' (ரத்தக்காட்டேரிகளின் நடுக்கம்) பார்த்தேன். 1971-ல் வந்த படம். ஒரு பழைய கோட்டை, புதிதாகக் கல்யாணமான ஜோடி, நள்ளிரவில் பெரிய கடிகாரப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரும் ரத்தக்காட்டேரிப் பெண். படம் முழுக்க ஒரே ரோஸ். கல் ரோஸ், இரவு ரோஸ், மனிதத் தோலும் ரோஸ். ஆரம்பம் முதல் கடைசி வரை திரையில் கோடு கோடாக மழை வேறு கொட்டியது. ரோலன் என்றால் இப்படித்தான், காசில்லாமல் எடுத்த மட்டமான படம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

லண்டனில் பவர்ஹவுஸ் நிறுவனத்தின் இண்டிகேட்டர் வரிசையில் 2023 முதல் ரோலன் படங்கள் 4கே, அதாவது மிகத் தெளிவான வட்டுகளாக வருகின்றன. அதே படத்தைப் போன வாரம் அதில் போட்டுப் பார்த்தேன். கோட்டைச் சுவர்களில் நீலமும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விளக்குக்கு முன்னால் வண்ணத்தாள் வைத்து ஒவ்வொரு சுவருக்கும் ஒரு நிறம் பூசியிருக்கிறார் மனிதர். அந்த நிறங்கள்தான் படமே. கதை அதற்குப் பின்னால்தான் வருகிறது. பன்னிரண்டு வருடங்களாக நான் ஒரு இயக்குநரைத் தப்பாக எடைபோட்டிருக்கிறேன். நான் அன்றைக்குப் பார்த்தது அவர் படமே இல்லை, அது அழுகிப்போன பிறகு மிச்சமிருந்த சக்கை.

இந்த மாதிரிப் படங்களை மீட்பவர்கள் யார், எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள், இதில் எதெல்லாம் சரி, எதெல்லாம் சிக்கல்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கடைசிபெஞ்ச்

எல்லாமே ஏன் ரோஸாகப் போகிறது? நம் ஊர் பழைய படங்களிலும் பார்த்திருக்கிறேன். மஞ்சளாகவோ நீலமாகவோ போகாமல் ரோஸாக மட்டும் ஏன்?

ஃபிரேம்24

நான் சென்னையில் பதினொரு வருடம் பிலிம் மீட்டெடுப்பு வேலை பார்த்தவன். இது எனக்குத் தெரிந்த விஷயம், சொல்கிறேன்.

1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மன்கலர் வகை பிரிண்டுகளில், அதாவது தியேட்டரில் ஓட்டும் பிரதிகளில், மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), சயான் (பச்சை கலந்த நீலம்). பிரிண்ட் இருட்டுப் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் சாயம் மங்கும். முதலில் விடைபெறுவது சயான், கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது மெஜந்தா. நீங்கள் பார்த்த ரோஸ் அதுதான். படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய மூல பிலிம்தான் நெகடிவ். அதுவும் மங்கும், ஆனால் நல்ல குளிரில் வைத்திருந்தால் பிரிண்டை விடப் பல மடங்கு நன்றாக இருக்கும். அதனால்தான் மீட்கிறவர்கள் முதலில் கேமரா நெகடிவ் எங்கே என்று அலைகிறார்கள்.

அடுத்தது வினிகர். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் விடும். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். பிலிம் சுருங்கும், ஓரம் அலை அலையாக நெளியும், கடைசியில் உடையும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும். இதை அளக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்று ஒரு சின்னக் காகிதத் துண்டு உண்டு. டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்து, பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சையானால் வியாதி தொடங்கிவிட்டது. மஞ்சளானால் அந்த ரீலை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ ஸ்கேன் செய்துவிட வேண்டும். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கேட்பாரற்ற படங்களை மீட்பதற்கென்றே 2012-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயரே 'வினிகர் சிண்ட்ரோம்'. வியாதியின் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார்கள்.

மழை என்று சொன்னீர்களே, அந்தக் கோடுகளில் பாதி பிலிமின் முதுகுப் பக்கம் விழுந்த கீறல். வெட் கேட் என்று ஒரு முறை இருக்கிறது. பிலிமை ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள். ஆற்றில் கிடக்கும் கூழாங்கல்லை எடுத்துப் பாருங்கள், ஈரமாக இருக்கும் வரை அதில் கீறல் தெரியாது, காய்ந்ததும் தெரியும். அதே சங்கதிதான். படம் இருக்கும் பக்கத்தில், அதாவது எமல்ஷனில் விழுந்த கீறலுக்கு இது உதவாது. அங்கேதான் எங்களைப் போன்றவர்களின் கை வேலை தொடங்கும்.

நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது: வெளிநாட்டுப் படங்களுக்கான இந்தத் தூசி துடைக்கும் வேலையில் கணிசமான அளவு சென்னையில் நடந்திருக்கிறது. பிரசாத் நிறுவனம் இதில் உலக அளவில் பெயர் பெற்றது. ஸ்கேனிட்டி என்ற ஸ்கேனரைச் செய்யும் ஜெர்மன் நிறுவனமே இப்போது அவர்கள் கையில்தான் இருக்கிறது. நான் இருந்தது வேறு இடம், பெயர் வேண்டாம்.

பிலிமில் இருக்கும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 24 வீதம், ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 ஃபிரேம். மென்பொருள் தானாகத் துடைக்கும். ஆனால் அதை நம்பி விட்டால் வேலை கெடும். முன்னால் ஒரு ஃபிரேமையும் பின்னால் ஒரு ஃபிரேமையும் ஒப்பிட்டு, நடுவில் மட்டும் இருப்பது தூசி என்று அது முடிவு கட்டும். ஒருமுறை ஒரு பழைய ஐரோப்பியப் படம். பெண் படுக்கையில் சட்டென்று திரும்புகிறாள். அந்த வேகத்தில் அவள் தோள்பட்டையில் இருந்த மச்சத்தைத் தூசி என்று நினைத்து மென்பொருள் அழித்துவிட்டது. காதில் இருந்த சின்னத் தோட்டின் மினுக்கலையும் அழித்துவிட்டது. பதினேழு ஃபிரேம். மூல ஸ்கேனிலிருந்து எடுத்து அந்த மச்சத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்ப வைத்தேன். அரை நாள் போனது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அது அவள் மச்சம்.

வைகைக்கரை

ஃபிரேம்24 அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துப் பிரமித்துப் போனேன். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் முழுசாக மிஞ்சியது என்று சொல்ல 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் இருக்கிறது. நம் ஆரம்ப காலப் பேசும் படங்களின் கதியும் ஊருக்கே தெரியும். அப்படி இருக்கும்போது, காசு பார்க்க எடுத்த அம்மணப் படங்களுக்கு இவ்வளவு பணமும் உழைப்பும் போவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கோபமாக எழுதவில்லை, வருத்தத்தில் எழுதுகிறேன்.

நெகடிவ்பெட்டி

வைகைக்கரை, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒரே பையிலிருந்து வரும் பணம் இல்லை. அங்கே குறைத்தால் இங்கே கூடாது. இந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் அரசுப் பணமும் கிடையாது. பிரான்ஸில் 1975 கடைசியில் ஆபாசப் படங்களுக்கென்று எக்ஸ் என்று ஒரு சட்ட வகை கொண்டுவந்து, அதில் விழுந்த படங்களுக்குக் கூடுதல் வரி போட்டு, உதவித்தொகையை நிறுத்தி, தனித் தியேட்டருக்குத் துரத்தினார்கள். அப்படித் துரத்தப்பட்டதற்கு எந்த ஆவணக் காப்பகமும் ஓடி வந்து கதவைத் திறக்காது. தயாரிப்பாளர் போண்டியாவார், பிலிம் கழுவி பிரிண்ட் போடும் லேப் மூடும், வாடகை பாக்கியில் டப்பா கிடக்கும். எல்டிசி என்று பாரிஸ் பக்கம் பெரிய லேப் ஒன்று இருந்தது. 2011 கடைசியில் திவாலாகி மூடியது. அப்படி ஒரு லேப் மூடும்போது பெரிய கம்பெனி தன் நெகடிவை எடுக்க லாரி அனுப்பும். சொந்தம் கொண்டாட ஆளில்லாத படத்துக்கு யார் அனுப்புவார்கள்?

காசு பார்க்க எடுத்த படங்கள் என்றீர்கள். பல அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்திரையை ஒருமுறை குத்திவிட்டால் அது ஒரு கலைஞனின் மொத்த வாழ்க்கையையும் மூழ்கடித்துவிடும் என்பதற்கு வலேரியன் பொரொவ்சிக் கதையைச் சொல்கிறேன்.

1923-ல் போலந்தில் பிறந்தவர். ஓவியர், போஸ்டர் வரைந்தவர், அனிமேஷன்காரர். 1959-ல் பாரிஸுக்கு வந்துவிட்டார். 1964-ல் அவர் எடுத்த 'ழூ தேஸான்ழ்' (தேவதைகளின் விளையாட்டுகள்) என்ற குறும்படத்தை 'மான்டி பைத்தான்' குழுவின் டெரி கில்லியம் தனக்குப் பிடித்த பத்து அனிமேஷன் படங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் 'கோட்டோ' என்று ஒரு படம். ஒரு தீவு, அதை ஆளும் சர்வாதிகாரி, நாய்களைப் பார்த்துக்கொள்ளவும் செருப்புத் துடைக்கவும் ஈப்பொறி செய்யவும் நியமிக்கப்பட்ட ஒரு திருடன். அவனுக்கு ராணி மேல் ஆசை. ராணியாக நடித்தவர் இயக்குநரின் மனைவி லிகியா பிரானிட்சே. கறுப்பு வெள்ளைப் படம், நடுவில் திடீரென்று சில நொடிகள் மட்டும் வண்ணம் வந்து போகும். ஒரு பொருளை உற்றுப் பார்க்கும் கண்ணை அவரைப் போல வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பூட்ஸ், வாளி, பூட்டு, இவற்றைக்கூட அவர் ஆசையோடுதான் படம் பிடிப்பார்.

1974-ல் 'கோன்த் இம்மொரோ' (ஒழுக்கம் மீறிய கதைகள்) வந்து பிரான்ஸில் கூட்டம் அலைமோதியது. மறுவருடம் 'லா பெத்' (மிருகம்). அதோடு முத்திரை விழுந்துவிட்டது. பிரிட்டனில் 'லா பெத்' வெட்டில்லாமல் வட்டில் வர 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006-ல் அவர் காலமானபோது அநேகம் பேருக்கு அவர் ஒரு காமப் பட இயக்குநர் மட்டும்தான். காமப் படம் என்று சொல்ல முடியாத 'கோட்டோ'வும் அந்தக் குழியில் சேர்ந்தே விழுந்தது.

மேலே தூக்கிவிட்டது யார்? டேனியல் பேர்ட் என்ற ஆய்வாளரும் லண்டனில் பட வட்டுகள் வெளியிடும் ஆரோ நிறுவனத்தைச் சேர்ந்த சிலரும், அப்புறம் ரசிகர்களும். 'கோட்டோ'வை மீட்க இணையத்தில் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டினார்கள். நானும் என் பங்குக்குச் சின்னத் தொகை போட்டேன். 2014-ல் அனிமேஷன்களும் முழுநீளப் படங்களும் சேர்ந்து ஒரே பெட்டியாக வந்தன. 2017-ல் பாரிஸில் பொம்பிடு மையம் என்ற கலை அருங்காட்சியகம் அவருக்கு முழுத் தொகுப்புத் திரையிடல் நடத்தியது. முத்திரைக்குக் கீழே இருந்த மனிதர் வெளியே வந்தார். காமப் படங்களைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதை மட்டும் மீட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஈப்பொறியைப் பார்த்த கண்ணும் உடலைப் பார்த்த கண்ணும் ஒன்று என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசிபெஞ்ச்

'லா பெத்' பற்றி நான் கேள்விப்பட்டது எல்லாமே கேலிதான். இப்படி ஒரு பின்னணி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நன்றி அண்ணா.

டூரிங்டாக்கீஸ்

என் அப்பா தியேட்டர் ஆபரேட்டர். எண்பதுகளில் மதுரைப் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை. அதனால் இந்த இழையில் எனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. பிட்டு.

அந்தக் காலத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு ரீல். கொட்டகை ஆளே ஒட்டுவான். காட்சி முடிந்ததும் உருவிவிடுவான். போலீஸ் வந்தால் இருக்காது. படத்தை எடுத்தவனுக்கும் நடித்தவளுக்கும் தெரியவே தெரியாது. அப்பா அதை ஒட்ட மாட்டேன் என்று சொல்லி ஒரு வேலையை விட்டிருக்கிறார். இன்னொருத்தர் படத்தில் நாம் எப்படிக் கை வைப்பது என்பார்.

ஐரோப்பாவில் இதைத் தயாரிப்பாளரே செய்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தபோது அதிர்ந்துபோனேன். ரோலனின் 'லெவ்ர் து சான்' (ரத்த உதடுகள்) 1975-ல் வந்து ஓடவில்லை. மென்மையான, சோகமான படம். சின்ன வயதில் பார்த்த ஒரு கோட்டையையும் அங்கே இருந்த வெள்ளையுடைப் பெண்ணையும் தேடி ஒருவன் ராத்திரி முழுக்க பாரிஸில் அலைகிறான். அந்தப் படத்தையே அடுத்த வருடம் நேரடிப் பாலுறவுக் காட்சிகளை ஒட்டி, இங்கே எழுத முடியாத ஒரு தலைப்பில் திரும்ப விட்டார்கள். ரோலனே அந்தக் காலத்தில் வயிற்றுப் பாட்டுக்கு மிஷெல் ஜான்டி என்ற புனைபெயரில் அப்படிப் படங்கள் எடுத்தவர்தான்.

ஸ்பெயின்காரர் ஜெஸ் ஃபிராங்கோ விஷயம் இன்னும் சிக்கல். 1973-ல் நடிகை லினா ரோமாயை வைத்து எடுத்த ஒரே ரத்தக்காட்டேரிப் படம் மூன்று பிறவி எடுத்திருக்கிறது. 'கறுப்புச் சீமாட்டி' என்ற பெயரில் பேய்ப் படம், இன்னொரு பெயரில் காமப் படம், மூன்றாவதாக அப்பட்டமான பாலுறவுப் படம். மூன்றிலும் காட்சிகளும் நீளமும் வேறு வேறு. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் (பெயர் ஒன்றுதான், ஆள் வேறு) இரட்டைப் பதிப்பு என்பது சகஜம். ஒரே காட்சியை உள்ளூர் தணிக்கைக்காகத் துணியோடு ஒருமுறை, ஏற்றுமதிக்காகத் துணியில்லாமல் ஒருமுறை எடுப்பார்கள். 1977-ல் அங்கே தணிக்கை போகும் வரை இந்தக் கூத்து.

என் கேள்வி இதுதான். மீட்கிறோம் மீட்கிறோம் என்கிறீர்களே, எதை மீட்கிறீர்கள்? பிட்டோடு சேர்த்தா, பிட்டை உருவிவிட்டா?

மெல்லொளி

டூரிங்டாக்கீஸ் அண்ணா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

நான் கேட்க நினைத்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதுவரை இயக்குநரைப் பற்றியும் பிலிமைப் பற்றியும் பேசினீர்கள். திரையில் இருக்கும் பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஃபிரேம்24 அண்ணாவின் மச்சத்தைத் தவிர.

அன்றைக்கு ஒருத்தி ஒரு பேய்ப் படத்தில் நடித்தாள். சம்பளம் வாங்கினாள், கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் முகத்துக்குப் பின்னால் வேறொருத்தியின் உடலை ஒட்டி வேறொரு படம் ஓடியது. பிரிண்ட் ரோஸாகி, கோடு விழுந்து, அழுகிப்போனதுதான் ஒருவேளை அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. இப்போது நாம் அதை 4கே தெளிவில் திரும்பக் கொண்டுவருகிறோம். ஐம்பது வருடம் கழித்து அவள் பேரன் பார்க்கும்படி. அவளிடம் கேட்டது யார்?

படங்கள் அழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் மீட்டெடுப்பு என்று பேசினால் அது பாதிப் பேச்சு.

நெகடிவ்பெட்டி

மெல்லொளி, இந்தக் கேள்வி முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும். என்னிடம் அதற்கு முழு விடை இல்லை. நான் கவனித்ததைச் சொல்கிறேன். நல்ல நிறுவனங்கள் உயிரோடு இருக்கும் நடிகைகளைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து வட்டில் சேர்க்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு நினைவுகூர்கிறார்கள், சிலர் அந்த நாட்களை ஏமாற்று என்றே சொல்கிறார்கள். அந்தக் கசப்பும் படத்தோடு சேர்ந்து வெளிவர வேண்டும் என்பது என் எண்ணம். மறுப்பவர்களையும், இறந்துபோனவர்களையும் என்ன செய்வது? அங்கே எனக்கும் தடுமாற்றம்தான். நடித்தவர் வயதுக்கு வராதவர் என்றால் மட்டும் பேச்சே இல்லை, அதைத் தொடக்கூடாது. அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

ஃபிரேம்24

டூரிங்டாக்கீஸ் கேட்டதற்கு, இந்த வேலையில் கைநனைத்தவனாகப் பதில் சொல்கிறேன்.

பாதுகாப்பது வேறு, மீட்பது வேறு, வெளியிடுவது வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வருகிறது. பாதுகாப்பில் பிட்டும் இருக்க வேண்டும். கிடைத்த எல்லாப் பதிப்பும், ஒட்டிய துண்டும், வெட்டிய துண்டும், எது எந்த டப்பாவில் கிடைத்தது என்ற குறிப்போடு குளிர் அறையில் இருக்க வேண்டும். 1975 சட்டம் ஒரு படத்தை என்ன பாடு படுத்தியது என்பதற்கு அந்த ஒட்டுதான் சாட்சி. ஒட்டைப் பிரித்துத் தூக்கி எறிந்தால் சாட்சியும் போய்விடும்.

மீட்கும்போது ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அங்கே இயக்குநர் என்ன நினைத்தார் என்று பார்ப்போம். பொரொவ்சிக் 1981-ல் எடுத்த ஜெக்கில் படம் நல்ல உதாரணம். அவர் வைத்த பெயர் 'டாக்டர் ஜெக்கில், மிஸ் ஆஸ்போர்ன் ஆகியோரின் விசித்திர வழக்கு'. விநியோகஸ்தர் அதை 'டாக்டர் ஜெக்கிலும் பெண்களும்' என்று மாற்றி விட்டார். பெயரைக் கேட்டாலே யாருக்காக மாற்றினார் என்று தெரிகிறது, இல்லையா? மீட்டு வெளியிட்டபோது பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். படத்தில் ஒளிப்பதிவாளராக இருந்த நோயல் வெரியையே அழைத்து மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். அது முக்கியம். ஏனென்றால் அந்தப் படம் முழுக்க வெளிச்சம் பனிமூட்டம் போலப் பரவி நிற்கும். தெரியாதவன் கையில் கொடுத்தால் பழைய பிலிம் மங்கிவிட்டது என்று நினைத்து பளிச்சென்று ஆக்கிவிடுவான். ஃபிராங்கோ படங்களிலும் அப்படித்தான், அவர் ஃபோகஸ் தவறி ஜூம் போட்டிருப்பார். அது அவர் கை. நாங்கள் அதைத் தொட மாட்டோம். தொடவும் கூடாது.

கிரெய்ன், அதாவது பிலிமில் மணல் மாதிரித் தெரியும் பொடித் துகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சிலர் "சுத்தமாக்குங்கள்" என்பார்கள். மென்பொருளில் ஒரு பொத்தானை இழுத்தால் பிலிமின் மணற்துகள் எல்லாம் மறைந்துவிடும். கூடவே தோலின் மயிர்க்கால், நெற்றிச் சுருக்கம், வியர்வை எல்லாம் மறையும். பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடுவார்கள். மற்றப் படங்களில் அது தப்பு. உடலைப் பற்றிய படத்தில் அது படத்தையே கொல்வது.

மெல்லொளிக்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஒன்று சொல்ல இருக்கிறது, யோசித்து எழுதுகிறேன்.

வைகைக்கரை

முதலில் எழுதியதில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். இவ்வளவு பழைய சமாச்சாரமா இது, இல்லை அறுபது எழுபதுகளில் மட்டும்தானா?

நெகடிவ்பெட்டி

சினிமா பிறந்து பத்து வருடத்திலேயே தொடங்கிவிட்டது. வியன்னாவில் யோகான் ஷ்வார்ட்சர் என்ற புகைப்படக்காரர் 1906-ல் சாட்டர்ன் பிலிம் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். ஆஸ்திரியாவின் முதல் படத் தயாரிப்பு நிறுவனமே அதுதான் என்கிறார்கள். ஆண்களுக்கு மட்டும் நடக்கும் மாலைக் காட்சிகளுக்காக, சில நிமிடங்களே ஓடும் படங்கள். குளிக்கும் பெண்கள், ஓவியனுக்கு முன்னால் நிற்கும் பெண், அடிமைச் சந்தை, இப்படி. 1910 வரை ஐம்பதுக்கும் மேல் எடுத்தார்கள். தணிக்கை அதிகாரிகள் கையில் கிடைத்ததை அழித்தார்கள், 1911-ல் நிறுவனம் முடிந்தது. ஷ்வார்ட்சர் 1914-ல் போர்முனையில் செத்துப்போனார். அதற்குப் பிறகும் சில படங்கள் எங்கெங்கோ ஒளிந்து பிழைத்திருந்தன. பிலிம்ஆர்க்கிவ் ஆஸ்திரியா தேடிச் சேர்த்து, மீட்டு, வட்டாகவே வெளியிட்டது. எல்லாம் நைட்ரேட் பிலிம், தீப்பிடித்தால் அணைக்க முடியாத வகை. அழிக்கச் சொன்ன அரசாங்கத்தின் நாட்டிலேயே நூறு வருடம் கழித்து ஒரு காப்பகம் அதைத் துடைத்து வைத்திருக்கிறது.

லண்டனில் பிஎஃப்ஐ என்ற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும் 2009 முதல் ஃபிளிப்சைட் என்ற வரிசையில் இப்படி ஒதுக்கப்பட்ட பிரிட்டிஷ் படங்களை வெளியிடுகிறது. நார்மன் ஜே. வாரனின் 1968 படம் 'ஹெர் பிரைவேட் ஹெல்' அதில் வந்ததுதான். லண்டன், மாடலிங், ஏமாற்றப்படும் ஒரு பெண். அன்றைய லண்டனை அவ்வளவு அழுக்கோடும் அவ்வளவு உண்மையோடும் பெரிய படங்களில் பார்க்க முடியாது.

டூரிங்டாக்கீஸ்

அப்பாவிடம் போனில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஒட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஃபிரேம்24 சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எந்த இடத்துல ஒட்டினாங்கன்னு குறிச்சு வச்சா சரிதான்" என்றார்.

ஃபிரேம்24

மெல்லொளிக்குச் சொல்ல நினைத்தது.

ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும், படம் தொடங்குவதற்கு முன்னால், லீடர் என்று ஒரு நீளத் துண்டு இருக்கும். எண்கள், குறிகள் எல்லாம் அதில்தான். அதற்கு நடுவே இரண்டு மூன்று ஃபிரேம் மட்டும் ஒரு பெண்ணின் முகம் வரும். பக்கத்தில் சாம்பல், வண்ணச் சதுரங்கள். லேபில் பிரிண்ட் போடுகிறவர்கள் தோலின் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வைத்தது. லேப் பாஷையில் 'சைனா கேர்ள்' என்பார்கள். பெரும்பாலும் லேபிலேயே வேலை செய்த யாரோ ஒரு பெண். தியேட்டரில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. நாங்கள் மட்டும் பார்ப்போம்.

அந்த மச்சம் இருந்த படத்தின் மூன்றாவது ரீல் வினிகரில் மோசமாகப் போயிருந்தது. நிறம் என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் இல்லை, இயக்குநர் இல்லை, நல்ல பிரிண்ட் ஒன்றுகூட இல்லை. நிறம் சரிசெய்யும் எங்கள் கலரிஸ்ட், லீடரில் இருந்த அந்தப் பெண்ணின் முகத்தை எடுத்து, முதல் ரீலில் அதே முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் பொருத்திப் பொருத்தித்தான் மூன்றாவது ரீலின் தோல் நிறத்தைக் கண்டுபிடித்தார். படத்தில் நடித்த பெண்ணின் தோளுக்கு நிறம் வந்தது இந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்து. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

லீடரை யாரும் துடைக்கச் சொல்வதில்லை. அதற்குக் கூலியும் கிடையாது. அன்றைக்கு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அவள் முகம் வந்த மூன்று ஃபிரேமையும் துடைத்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு நூல் ஒட்டியிருந்தது, அதை எடுத்தேன். காதோரம் நரைத்த மாதிரி இரண்டு முடி. அது தூசியா முடியா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருந்தது. முடிதான். அப்படியே விட்டுவிட்டேன்.

மெல்லொளி

நன்றி அண்ணா. அந்த மூன்று ஃபிரேமும் இப்போது எங்கே இருக்கின்றன?

ஃபிரேம்24

படத்தோடு அனுப்பிவிட்டோம். மூல ஸ்கேனின் முதல் கோப்புறையில் இருக்கும்.